எடைக்குப் போன ஜீப்

அப்பாவின் ஜீப்புக்கு விலை பன்னிரண்டாயிரத்து நூற்று அறுபது. கிலோ பத்தொன்பது வீதம் அறுநூற்று நாற்பது கிலோ. வெங்காயம் வாங்கி வந்தவன் கணக்கு ஒப்பிப்பதுபோலத்தான் அண்ணன் அதைச் சொன்னான். பாதி உனக்கு, ஆறாயிரத்து எண்பது. லாரிக் கூலியில் உன் பங்கு முந்நூற்று முப்பது போக ஐயாயிரத்து எழுநூற்று ஐம்பது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே எண்ணி ஓர் உறையில் போட்டுக் கொடுத்தான். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதென்று எடைச்சீட்டையும் உள்ளே செருகினான். கதவுக்கு அந்தப் பக்கம், அதே ஜீப்பை ராணுவத்தின் கழிவு ஏலத்தில் எடுத்து முப்பத்தாறு வருஷம் ஓட்டிய மனிதர் வாய் இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஷெட்டுல கிடந்து துரு தின்னுட்டுது பாப்பா. இன்னொரு மழை பார்த்திருந்தா இந்தக் காசும் தேறியிருக்காது."

பாப்பாவுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. அண்ணன் பாப்பா என்று கூப்பிட்டால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் அன்று கையில் மருந்துச் சீட்டுதான் இருந்தது. உறையை வாங்கிப் பைக்குள் போட்டாள். வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியில் வைத்தவள் அதைத் திறக்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கே திரும்பினார். அங்கே அண்ணன் குடும்பம் இருந்தது. அவள் தினமும் காலையில் போய் அவரைக் குளிப்பாட்டி, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து வருவாள். பேச்சு போய்விட்டது. உடம்பில் ஒழுங்காக வேலை செய்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரலை நீட்டி ஜன்னல் வழியாக வெறும் ஷெட்டைக் காட்டுவார். காட்டிவிட்டு அண்ணனைப் பார்ப்பார்.

"தண்ணி கேக்கறாரு," என்பான் அண்ணன். ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அப்பா குடிக்க மாட்டார். விரல் இறங்காது. நூற்றுப் பன்னிரண்டு காலைகள் இப்படிப் போயின. நூற்றுப் பதிமூன்றாவது காலையில் விரல் எழவில்லை.

அந்த வாரம் அவள் உறையை எடுத்துப் புருஷன் மடியில் வீசினாள். "இதைக் கொண்டுபோய் அவன் மூஞ்சியில எறிஞ்சிட்டு வாங்க."

புருஷன் எடைமேடையில் எழுத்தர். லாரி வரும், ஏறும், எடை விழும், சீட்டு கிழிப்பார். இருபத்தாறு வருஷமாக அதுதான் வேலை. மனிதர்களைக்கூடப் பார்த்ததும் மனதுக்குள் எடை போட்டுவிடுகிற ஆள். உறையிலிருந்து நோட்டுகளை விட்டுவிட்டுச் சீட்டைத்தான் முதலில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ஏம்மா, உங்கப்பா கூடவே ஜீப்பும் சீக்குல இளைச்சுப் போச்சா?"

"என்ன உளர்றீங்க?"

"முழு ஜீப்பு ஆயிரத்து நாப்பது கிலோ. நானே மேடையில ஏத்திப் பார்த்திருக்கேன். இது அறுநூத்தி நாப்பது. நானூறு கிலோ எங்கே?" விரல்விட்டு எண்ணினார். "எஞ்சின் நூத்தி எழுபது. கியர்பாக்ஸ் எழுபத்தஞ்சு. முன் அச்சு எழுபத்தஞ்சு. சக்கரம் அஞ்சு, பதினாறு பதினாறா எண்பது. கூட்டிப் பாரு."

அவள் கூட்டிப் பார்க்கவில்லை. அண்ணனுக்கு வண்டிச் சந்தையில் பழைய உதிரிச் சாமான் கடை. கழற்றிய ராணுவச் சாமானுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது அதே சந்தையில் கித்தான் கூரையும் இருக்கை உறையும் தைத்துப் பிழைக்கும் அவளுக்குத் தெரியாதா? சதையை உரித்துக் கடைக்குள் வைத்துக்கொண்டு எலும்பை மட்டும் எடைக்குப் போட்டு, அந்த எலும்பிலும் பாதியை லாரிக் கூலி கழித்துக் கொடுத்திருக்கிறான்.

"போய்க் கேட்டுடலாமா?" என்றார் புருஷன்.

"இப்போ கேட்டா மறந்துட்டேன் பாப்பான்னு தலையைச் சொறிவான். ஏதோ கொஞ்சம் எடுத்து நீட்டுவான். நான் வாங்கிக்கணும். அதுக்கு நான் வரல." அவள் சீட்டை மடித்து மறுபடி உறைக்குள் வைத்தாள். "எனக்கு வண்டி முழுசா வேணும். அவன் கையாலயே வரணும். வந்ததுக்கு அப்புறம் அவனால வாயைத் திறக்க முடியக் கூடாது."

"அவ்வளவுதானா?" என்றார் புருஷன். "நீ ஏதோ பெரிசா கேக்கப் போறேன்னு பயந்துட்டேன்."

மறுநாள் எடைச்சீட்டில் இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். நல்லவேளை, யாராவது பைத்தியக்காரன் தேடி வருவான் என்று கடைக்காரர் கூட்டை உடைக்காமல் மூலையில் நிறுத்தியிருந்தார். அந்தப் பைத்தியம் நேரில் வந்ததும் கிலோவுக்கு ஐந்து ஏற்றினார். பதினைந்தாயிரத்து முந்நூற்று அறுபது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தாள். புருஷனுக்கு அதுதான் வலித்தது. வழி முழுக்க, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருபத்திரெண்டுக்கு இறங்கியிருப்பான்," என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கித்தான் சுருள்கள் வைக்கும் தகரக் கொட்டகை இருந்தது. கூடு அதற்குள் போனது. மேலே கித்தான் போட்டு மூடினாள். எப்போதாவது வரும் அண்ணன் முன்னறை நாற்காலியோடு சரி. தங்கை வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறதென்று பார்க்க அங்கே அவனுக்கு என்ன லாபம்?

பின் சந்தில் இரண்டு வீடு தள்ளி ஒரு டிங்கர் இருந்தார். நசுங்கிய கதவைத் தட்டித் தட்டிக் கன்னம்போல வழவழப்பாக்குகிற கை. சந்தைக்குப் புதிதாக வந்தவர் என்பதால் அண்ணனுக்கு அவரைத் தெரியாது. அவள் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான்மா," என்றார். அதற்குமேல் கூலி பற்றிப் பேச்சு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்குப் போயின. ஏழு பூச்சுப் பெயின்டைச் சுரண்டினார்கள். ஆறு நிறம் அப்பா அடித்தது. ஏழாவது, அடியில், மங்கிய ராணுவப் பச்சை. கால்வைக்கும் தளம் கையால் அழுத்தினாலே அப்பளம்போல நொறுங்கியது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார்கள். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு டீசலைத் துணியில் நனைத்துச் சுற்றி, ஒரு வாரம் பொறுத்து, மறுவாரம் திருகினார்கள். எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டப் பின்பக்கம் திரும்பும் முன்விளக்குகளின் கீல் அசைய மூன்று மாதம் ஆயிற்று. கூரை மட்டும் அவள் தனியே தைத்தாள். மெழுகு தேய்த்த நூல், இரட்டைத் தையல், ஓரத்தில் பித்தளை வளையம். ஊசி ஒவ்வொரு முறை கித்தானைத் துளைக்கும்போதும் யாருடைய தோல் என்று அவள் நினைத்துக்கொண்டாளோ, தையல் அத்தனை நேராக விழுந்தது.

வெளியே வாங்க வேண்டியதை எல்லாம் அண்ணனின் கடையிலேயே டிங்கர் வாங்கினார். கியர்பாக்ஸ் முப்பத்தெட்டாயிரம். முன் அச்சு இருபத்தேழாயிரத்து ஐநூறு. சக்கரம் ஐந்தும் சேர்த்துப் பதினாறாயிரம். "எல்லாம் ஒரே கை வண்டி, ராணுவத்துலேர்ந்து நேரா எங்க குடும்பத்துக்கு வந்தது," என்று அண்ணன் பெருமையோடு கட்டிக் கொடுத்தான். அப்பாவின் சாமான்களை அப்பாவின் மகளுக்கே விற்றுக்கொண்டிருந்தான். சீட்டு விளையாடிச் சேர்த்த காசு இல்லை. இரண்டு கண்ணும் பூத்துப்போக அவள் தைத்த காசு. புருஷன் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினார்.

ஒருமுறை இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஒரு பல்சக்கரம் வாங்கிப் பூட்டினார்கள். கையால் சுற்றிப் பார்த்தபோது ஒரு பல்லில் விரிசல். டிங்கர் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினார். அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கல்லாவுக்கு மேலே தொங்கிய பலகையை விரலால் காட்டினான்.

வண்டியில் பூட்டிய சாமான் எக்காரணம் கொண்டும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.

"பூட்டாம கொண்டுவந்திருந்தா மாத்திக் கொடுத்திருப்பேன். பூட்டினது பூட்டினதுதான் அப்பு. இந்தச் சந்தை பூரா அதான் சட்டம். எங்கப்பன் வந்து கேட்டாலும் அதே பதில்தான்."

டிங்கர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சொன்னார். அவள் சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "பில் வாங்கினீங்களா?" என்று கேட்டாள். வாங்கியிருந்தார். பில்லின் அடியிலும் அதே வாசகம் சிவப்பு மையில் அச்சாகியிருந்தது. அதை வாங்கி எடைச்சீட்டோடு சேர்த்து வைத்தாள்.

எஞ்சின் மட்டும் வரவில்லை. என்ன விலை கேட்டாலும் அண்ணன் அசையவில்லை. எஞ்சினும், அதன் எண் பொறித்த பித்தளைத் தகடும் கடையின் உள்ளறையில் இருந்தன. ஒன்பதாவது வருஷம்தான் காரணம் தெரிந்தது. ஒரு ஓட்டல் முதலாளி, வாசலில் நிறுத்த அசல் ராணுவ ஜீப் தேடினார். கலப்படம் இல்லாத ஒரே வண்டியாக இருக்க வேண்டும், அவர் கண் முன்னால் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணன் மூன்று லட்சம் முன்பணம் வாங்கிவிட்டான். கெடு தவறினாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ இரட்டிப்பாகத் திருப்புவதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டான். எஞ்சினும் தகடும் அசல். ஒரு நல்ல கூடு கிடைத்தால் அதில் இதைப் பூட்டி, எல்லாம் அசல் என்று தள்ளிவிடலாம் என்பது அவன் திட்டம். கூடு கிடைக்கவில்லை. கெடுவுக்குப் பத்து நாள் இருந்தது.

"என்கிட்ட ஒரு கூடு இருக்கு முதலாளி," என்றார் டிங்கர், பழைய ஸ்பானர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தபடி. "எஞ்சின் தவிர எல்லாம் இருக்கு. எனக்குச் சொந்தமில்ல, ஒரு அம்மாவோடது."

அன்று காலையிலேயே மூவருமாக ஜீப்பைப் பின் சந்து வழியாகத் தள்ளி டிங்கரின் பட்டறையில் நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். புது ராணுவப் பச்சை, புதுக் கித்தான். முப்பத்தாறு வருஷம் ஏறி இறங்கிய வண்டி அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் அதை எப்போதும் சாமானாகத்தான் பார்த்திருந்தான். சட்டத்தில் எண் பொறித்த இடத்தைத் தடவினான். டிங்கர் வேண்டுமென்றே அங்கே பெயின்டைத் தடியாக அப்பியிருந்தார். எண் தெரியவில்லை என்றதும் அண்ணனுக்கு நிம்மதி.

"என்ன விலை?"

"ஓடாத வண்டிக்கு ஒரு விலை, ஓடுற வண்டிக்கு ஒரு விலை. நீங்க எஞ்சினைப் பூட்டி ஓட்டிக் காட்டுங்க. அந்தம்மா வந்து பேசிப்பாங்க."

"பேசாம பூட்டுறதா? ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கே."

"வேணாம்னா விடுங்க. இன்னொருத்தர் கேட்டிருக்கார்."

அண்ணன் மனதுக்குள் கூட்டிக் கழித்தான். எஞ்சின் உள்ளே போய்விட்டால் வண்டியில் பாதி நம்முடையது. அப்புறம் அந்தம்மா வேறு யாருக்கு விற்பாள்? கழுத்தில் கத்தி வைத்தமாதிரி கேட்ட விலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முகத்தில் அரை மனதைக் காட்டிக்கொண்டு முழு மனதோடு சம்மதித்தான்.

கெடுவின் கடைசி நாள் பதினோரு மணிக்கு அவனுடைய மெக்கானிக் சங்கிலிக் கப்பியில் எஞ்சினைத் தூக்கி இறக்கினான். "முதலாளி, இதுக்குன்னே செஞ்ச மாதிரி உட்காருது பாருங்க," என்றான் அவன். "நம்ம கைராசி," என்றான் அண்ணன். பித்தளைத் தகட்டைத் தன் கையாலேயே திருகினான். ஓட்டல் முதலாளியும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்குக் குடை, கையில் பூதக்கண்ணாடி.

பட்டறையின் உள்ளறையில் தகரத்துக்குப் பின்னால் அவளும் புருஷனும் நின்றிருந்தார்கள். எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் கேட்ட அதே சத்தம், நடுவில் ஒரு விக்கலோடு. புருஷன் அவள் தோளைத் தொட்டார். "அழுதுடாதே, காரியம் கெட்டுடும்."

"யாரு அழறா?" என்றாள் அவள். கண் காய்ந்துதான் இருந்தது.

வெளியே அண்ணன் முழங்கிக்கொண்டிருந்தான். "பிறந்ததுலேர்ந்து ஒரே வண்டிங்க. ஒரு நட்டு மாறல. எங்கப்பா ஏலத்துல எடுத்தது, முப்பத்தாறு வருஷம் ஓட்டினார். நீங்க எந்த எண்ணை வேணும்னாலும் ஒத்துப் பார்த்துக்கலாம்."

அவன் தன் வாழ்நாளில் ஒரு சரக்கைப் பற்றிச் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். சொன்னவனுக்குத்தான் அது தெரியாது.

அவள் வெளியே வந்தாள். கையில் பழைய உறை, தின்னர் நனைத்த துணி, அப்பாவின் தலையணைக்கு அடியிலிருந்து அவள் எடுத்து வைத்திருந்த வண்டிப் பதிவுப் புத்தகம்.

"நீ எங்க இங்க பாப்பா?"

"வண்டிக்காரி வந்து விலை பேசணுமாமே," என்றாள். குனிந்து சட்டத்தில் தடித்திருந்த பெயின்டைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். எண் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. புத்தகத்தை ஓட்டல் முதலாளியிடம் நீட்டினாள். "ஐயா, நீங்களே படிச்சுப் பாருங்க. சட்டத்துல உள்ளது, தகட்டுல உள்ளது, புத்தகத்துல உள்ளது."

அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து மூன்று இடத்திலும் படித்தார். "எல்லாம் ஒண்ணுதான். உங்க அண்ணன் சொன்னது சரிதானேம்மா?"

"நூத்துக்கு நூறு சரி. அண்ணே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம்." எடைச்சீட்டை எடுத்து வண்டியின் மூக்கின்மேல் வைத்தாள். "ஒம்பது வருஷம் முன்னாடி நீ எடைக்குப் போட்டது எந்த வண்டி?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சீட்டைப் பார்த்தான், ஓட்டல் முதலாளியைப் பார்த்தான். இது வேறு வண்டி என்றால் வாங்குகிறவர் முன்னால் கலப்படக்காரன். இதுதான் அந்த வண்டி என்றால் தங்கையை ஏமாற்றியவன், வண்டியும் அவளுடையது. எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் அவள்தான் நின்றாள்.

"எஞ்சினைக் கழட்டுடா," என்றான் மெக்கானிக்கிடம்.

டிங்கர் பழைய பில்லை நீட்டினார். மெக்கானிக்கே வாங்கிச் சிவப்பு எழுத்தைச் சத்தமாகப் படித்தான்; படித்து முடித்தபிறகுதான் யாருடைய பில் என்று பார்த்தான். சந்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கடைக்காரர்கள், "பூட்டினது பூட்டினதுதானேப்பா," என்றார்கள், நியாயம் பேசுகிறவர்கள்போல.

"நான் யார் சாமானையும் சும்மா எடுத்துக்க மாட்டேன் அண்ணே," என்றாள் அவள். "நூத்தி எழுபது கிலோ. உன் விலையே போடறேன், பத்தொன்பது. மூவாயிரத்து இருநூத்தி முப்பது. பாதி உனக்கு, ஆயிரத்து அறுநூத்திப் பதினஞ்சு. லாரிக் கூலியில உன் பங்கு முந்நூத்தி முப்பது போக ஆயிரத்து இருநூத்தி எண்பத்தஞ்சு." ஒன்பது வருஷம் உறைக்குள் அவள் தொடாமல் வைத்திருந்த, அவன் கொடுத்த நோட்டுகளையே எண்ணி அவன் சட்டைப்பையில் வைத்தாள். "எண்ணிப் பார்த்துக்கோ."

அண்ணன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி ஜீப்பைக் காட்டினான்; காட்டிவிட்டு அவளைப் பார்த்தான்.

அவள் அந்த விரலை நன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"ஏங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அண்ணன் தண்ணி கேக்கறாரு."

புருஷன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, "இந்தாங்க மச்சான்," என்று மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் குடிக்கவில்லை. திரும்பிச் சந்தில் நடந்தான். ஓட்டல் முதலாளி குடையை மடக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போனார், கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பற்றிப் பேசியபடி. போகும் வழியில் நின்று, "அம்மா, உங்க விலை என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார்.

"எடைக்குக் கேக்கறீங்களா, ஓட்டத்துக்குக் கேக்கறீங்களா?" என்றாள். அவர் பதில் யோசிப்பதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் ஆறு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தான் என்று சந்தை பேசியது. கல்லாவுக்கு மேலிருந்த பலகை மறு வாரமே காணாமல் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பின் மூக்கின்மேல் நோட்டை விரித்துப் புருஷன் கணக்கை முடிக்க உட்கார்ந்தார்.

"அவனுக்கு மூணு லட்சம் நட்டம். அப்பா சாமானை வித்ததுல உன் பாதி நாப்பதாயிரத்து எழுநூத்தி ஐம்பது, அது வரலைன்னாலும் போகட்டும். உறையில மிச்சம் நாலாயிரத்து நானூத்தி அறுபத்தஞ்சு இருக்கு. நேர் பண்ணி மூடிடவா?"

"இன்னொண்ணு எழுதல."

"எது?"

"நூத்திப் பன்னிரண்டு காலை."

புருஷன் பேனாவை நிறுத்தினார். "அதுக்கு என்ன விலை போடறது?"

"விலை போடாதீங்க. அப்படியே எழுதுங்க."

அவர் எழுதினார். அவர் எழுத்து எப்போதும் எடைச்சீட்டு எழுத்துத்தான், கோணல் இல்லாதது.

கூடு, 640 கிலோ: 15,360
கியர்பாக்ஸ்: 38,000
முன் அச்சு: 27,500
சக்கரம் ஐந்து: 16,000
பல்சக்கரம், விரிசலோடு: 2,800
எஞ்சின், 170 கிலோ, அண்ணன் பங்கு, கூலி போக: 1,285
ஆக மொத்தம்: 1,00,945. பைசல்.
அப்பாவின் விரல், 112 காலை: நிலுவை.